ஆழம் முப்பத்திரண்டு

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி
கண்ணாடிக்கடை மாடியில் ஆறு மாசம் படித்தேன்.
சிஸ்டம் வெரிலாக், யு.வி.எம்., அசெர்ஷன்.
பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம்
வெள்ளைப்பலகை லேசாக அதிரும்,
அதில் வரைந்த கிளாக் மட்டும் அசையாது.
பீஸ் நாற்பதாயிரம்.
அம்மாவின் காப்பு கூட்டுறவு வங்கியில்.

சிப் கம்பெனி வேலைக்கு என்றதும்
பக்கத்து வீட்டு மேரி லெட் கேட்டாள்:
“நேந்திரங்காயா, மரச்சீனியா?”
நான் திருத்தவில்லை.
இரண்டிலும் மெலிசாகச் சீவித்தானே ஆரம்பம்.

ராத்திரி பதினொன்றுக்கு
பெங்களூரிலிருந்து பெர்ஷியா கூப்பிடுவாள்.
ஹலோ கிடையாது.
“லாட்ச் எப்ப தானா முளைக்கும்?”
“எல்ஸ் எழுத மறந்தா.”
“கவரேஜ் நூறு வந்தாச்சு. பக் இருக்குமா?”
“இருக்கும்.”
“எங்க?”
“நாம கேக்காத கேள்வியில.”
“ஒப்பிக்காதட்டி, கேட்டாலே தெரியுது.”

பிறகு அந்தக் கேள்வி.
அதற்கு மட்டும் குரலைத் தாழ்த்துவாள்,
பக்கத்துக் கட்டிலில் யாரோ தூங்குகிற மாதிரி.
“ரெண்டு வருசம் என்ன செய்த?”

தேங்காப்பட்டணத்தில்
ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதினேன்.
“அத மட்டும் சொல்லிராத.
ஆன்லைன் கோர்ஸ்னு சொல்லு.”
சரி என்றேன்.
ரெஸ்யூமில் அந்த இரண்டு வருடத்தின் மேல்
ஒரு சின்னக் கோடு போட்டேன்.

செவ்வாய் காலை பத்து மணி.
கட்டிலை நகர்த்தி, சுருவத்தை மறைத்து,
சுவர் வெள்ளையாகத் தெரிய உட்கார்ந்தேன்.
தகரத்தில் மழை. அவர் பெயர் சொன்னார், கேட்கவில்லை.
அரை மணி நேரம் தெரிந்ததையே கேட்டார்.
பிறகு:
“நூறு கிளாக்கில் எண்பது எழுதப்படும்.
பத்து கிளாக்கில் எட்டு வாசிக்கப்படும்.
நடுவில் வைக்கிற ஃபிஃபோவுக்கு ஆழம் எவ்வளவு?”

வருவதும் போவதும் ஒரே அளவு.
ஆழமே வேண்டாம் என்று
வாய் திறக்கப் போனேன்.

ஆடி மாசம், சாவாளைச் சீசன்.
நாளுக்கு எண்பது பெட்டி என்று பேரேடு சொல்லும்.
ஆனால் சராசரி என்று ஒரு வள்ளம்
ஒருநாளும் கரை பிடித்ததில்லை.
நேற்றைய எண்பது நள்ளிரவுக்குச் சற்று முன் வரும்,
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு
இன்றைய எண்பது சற்றுப் பின்.
ஐஸ் உடைக்கிற மெஷினுக்கு அவசரம் தெரியாது.
வைக்க இடமில்லாத பெட்டிகள்
வாசல் தாண்டி, டார்ச் வெளிச்சத்தில்,
பெல்ட் பெல்ட்டாக மின்னிக்கொண்டு கெட்டுப்போகும்.
எத்தனை பெட்டி வெளியே கிடந்தது என்று
எழுதினவள் நான்.

“சார், முதல் எண்பதும் கடைசியில வந்து
அடுத்த எண்பதும் ஆரம்பத்திலேயே வரலாமா?”

கரண்ட் போனது.
வைஃபையும் போனது.
திரையில் அவர் பாதி திறந்த வாயோடு நின்றார்,
ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை.
அண்ணன் ததேயு வலையைப் போட்டுவிட்டு
மொபைலோடு ஓடிவந்தான்,
பாஸ்வேர்டை மூன்று தரம் தப்பாகச் சொன்னான்.
நாலு நிமிசம்.

“எங்க விட்டோம்?”
“அடுத்தடுத்து வருமான்னு கேட்டேன் சார்.”
“வரும்” என்றார்.
அதுவரை எதையோ கிறுக்கிக்கொண்டிருந்த பேனாவை
கீழே வைத்தார்.

நூற்றறுபது வரும். அதற்குள்
நூற்றிருபத்தெட்டு போகும்.
முப்பத்திரண்டு.

“ஃபார்முலா இல்லாம சொல்றீங்க.
எங்க கத்துக்கிட்டீங்க?”
ஆன்லைன் கோர்ஸ்
நாக்கு நுனியில் தயாராக இருந்தது.
“ஐஸ் கம்பெனியில சார்.”
மழை இன்னும் பலத்தது.
“ஐ.சி. கம்பெனியா? எந்த ஐ.சி.?”

“இல்ல சார்” என்று
மைக்கைப் பக்கத்தில் இழுத்து
எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.